ஏக்கர் செண்டாகும் காலம்: அடிவார நிலத்தின் விலையும் நம்ம கணக்கும்



போன தை மாசம் ஒரு காலைநேரம், சிலமலையில் எங்க தோப்பில் மாம்பூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. "சார், ஏக்கர் என்ன விலைக்குக் குடுப்பீங்க?" அந்த மாசத்தில் வந்த மூன்றாவது தரகர். விற்கவே இல்லையே என்றேன். "எல்லாத்துக்கும் ஒரு விலை இருக்குல்ல சார்" என்று சிரித்துவிட்டு, நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதே வாரம் கிழக்குப் பொழிக்காரர், எழுபதைத் தாண்டிய பெரியவர், வரப்பில் வந்து நின்றார். "தம்பி, நாளைக்கு அட்வான்ஸ் வாங்கலாம்னு இருக்கேன். மூணு ஏக்கரும். ஏக்கர் நாப்பதுன்னு பேசியிருக்கு." ஆஸ்பத்திரிச் செலவும் நகைக்கடனும் சேர்ந்து ஆறு லட்சம் ரூபாய் கடன். கிணறு எங்கள் ரெண்டு பேருக்கும் பொது. அவர் நிலத்தோடு கிணற்றில் அவர் பாதியும் போகும். நான் ஒன்றும் பேசவில்லை. "ரெண்டு நாள் பொறுங்கண்ணே, கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

வங்கியில் முப்பது வருசத்துக்கு மேல் நிலத்தை அடமானமாகப் பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகுதான் அதை மண்ணாகப் பார்க்கிறேன். அந்த இரண்டு நாளில் போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. விற்க யோசிப்பவர்களுக்கும், இயற்கை விவசாயம் செய்ய நிலம் தேடும் இளைஞர்களுக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

அடிவாரத்துக்கு ஏன் இந்த விலை?

பத்து வருசத்துக்கு முன்னால் போடி–தேவாரம் சாலையில் மானாவாரிக் காட்டைக் கேட்டு வெளியூர்க்காரர் யாரும் வந்ததில்லை. காற்றாலைக்காரர்கள் வந்த ஒரு காலம் மட்டும் விதிவிலக்கு. இப்போது வருகிறார்கள் என்றால் அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, ரயில். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 2010 கடைசியில் நின்றது. அகலப் பாதையாகி, 2022 மே மாசம் தேனி வரைக்கும், 2023 ஜூன் 15-ல் போடி வரைக்கும் ரயில் வந்தது. சென்னையிலிருந்து நேரடி ரயிலும் அன்றைக்கே தொடங்கியது. ராத்திரி சென்னையில் ஏறினால் காலையில் மலையைப் பார்த்துக்கொண்டு இறங்கலாம்.

இரண்டாவது, சாலை. போடிமெட்டிலிருந்து மூணாறு வரையுள்ள 42 கி.மீ. சாலை அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் முறைப்படி திறக்கப்பட்டது. மூணாறு போகிற கார்கள் எல்லாம் நம்ம அடிவாரத்தைத் தொட்டுத்தான் ஏறுகின்றன.

மூன்றாவது, ஏலக்காய்ப் பணம். தோட்டம் கேரளத்து மலையில் இருந்தாலும் முதலாளிகள் நிறையப் பேர் போடியிலும் தேனியிலும் கம்பத்திலும் இருப்பவர்கள். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது. பிறகு விழுந்தது, மறுபடி எழுந்தது. ஏலக்காய் ஏறுகிற வருசம் போடியில் நிலமும் ஏறும் என்பது எங்க ஊர்ப் பேச்சு. மலையில் கிடைத்த லாபத்தை அடிவாரத்தில் மண்ணாகப் போட்டு வைப்பார்கள்.

நான்காவதுதான் முக்கியமானது. ஆள் ஆசைப்படுகிற இடத்தை வாங்க முடியாதபோது, அதற்குப் பக்கத்து இடத்தை வாங்குவார்கள். மலை காப்புக்காடு, அதை யாரும் விற்க முடியாது. மலைக் கிராமங்களில் கட்டடம் கட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் இருக்கின்றன. கொடைக்கானலில் அனுமதியில்லாத கட்டடங்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைத்தார்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. மேலே கெடுபிடி கூடக்கூட, "மலை தெரியுற மாதிரி அடிவாரத்துல ஒரு இடம்" என்று கேட்டு வருகிறார்களாம். தரகர்கள் சொல்கிறார்கள்.

கடற்கரையில் பார்த்த படம்

இந்தப் படத்தை நான் ஏற்கனவே ஒரு தடவை பார்த்துவிட்டேன். 2001 முதல் நாலு வருசம் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கிளையில் வேலை பார்த்தேன். அப்போதுதான், 2002-ல், அந்தச் சாலை சுங்கச்சாலையாக மேம்படுத்தப்பட்டது. அதற்கு முன்னால் அங்கே சவுக்குத் தோப்பு, பனை, மணலில் கடலை. பிறகு வார விடுமுறை வீடு, ஓய்வுகால வில்லா, ரிசார்ட்.

அங்கேயும் இதே விதிதான் வேலை செய்தது. 1991 கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கையின்படி, அலை ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரைக்கும் கட்டுப்பாடு. ஊரகப் பகுதியில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடமே கூடாது. கடலை ஒட்டி வாங்க முடியாதவர்கள் அதற்கு அடுத்திருந்த சவுக்குத் தோப்பைக் கேட்டார்கள். முதலில் ஏக்கர் கணக்கில் வாங்கினவர்கள் பிறகு கிரவுண்டாக விற்றார்கள். கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி.

நிலம் விற்ற பணத்தை எங்கள் கிளையில் வைப்புநிதியாகப் போட வைப்பது என் வேலை. இலக்கை எட்டியதற்கு மேலதிகாரியிடம் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். ஒரு சவுக்குத் தோப்புக்காரர் எட்டரை சதவீத வட்டிக்குப் பணம் போட்டார். மூன்று வருசம் கழித்துப் புதுப்பிக்க வந்தபோது வட்டி ஐந்தரையைச் சுற்றி இருந்தது. "என்னய்யா, என் பணம் கரையுதே" என்றார். அதற்குள் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தது போக மீதி பாதிகூட இல்லை. அவருக்குப் பக்கத்தில் இன்னும் தோப்பு வைத்திருந்தவருக்கோ கிணற்றில் உப்பு ஏற ஆரம்பித்திருந்தது. வில்லாக்களின் ஆழ்குழாய்கள் மணலுக்கடியில் இருந்த நல்ல தண்ணீரை இறைக்க இறைக்க, கடல்நீர் உள்ளே நகர்கிறது. விற்றவருக்கு வட்டி குறைந்தது, விற்காதவருக்குத் தண்ணீர் கெட்டது.

நிலத்துக்கு இரண்டு விலை

கணக்குக்கு வருவோம். ஒரு ஏக்கர் மாந்தோப்பில் எல்லாச் செலவும் போக வருசத்துக்கு 60,000 ரூபாய் நிற்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டத்துக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். 7 சதவீதம் வருமானம் வேண்டும் என்றால், அந்த ஏக்கருக்குக் கொடுக்கத் தகுந்த விலை சுமார் எட்டரை லட்சம். இதை விளைச்சல் விலை என்று சொல்வேன்.

கேட்கிற விலை 40 லட்சம். அதாவது வருமானம் ஒன்றரை சதவீதம். 9 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி வாங்கினால் வருசத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் வட்டி. தோப்பு வருமானம் இரண்டு மாச வட்டிக்குத்தான் காணும். எட்டரைக்கும் நாற்பதுக்கும் இடையில் இருப்பது எதிர்பார்ப்பு விலை. மலைக்காட்சி, ரயில், நாளைக்கு இன்னொருத்தர் கூடக் கொடுப்பார் என்கிற நம்பிக்கை, எல்லாம் அதில் அடக்கம். அந்த விலையை மண் தராது, அடுத்து வாங்குகிறவர்தான் தர வேண்டும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லணும். பெரியவரின் மூன்று ஏக்கர் 1 கோடியே 20 லட்சம். வங்கியில் போட்டால் 7 சதவீதத்தில் வருசத்துக்கு 8 லட்சத்து 40 ஆயிரம் வரும். தோப்பு தருவது 1 லட்சத்து 80 ஆயிரம்தான். தாளில் பார்த்தால் விற்பதுதான் சரி. எனக்கு மாசாமாசம் பென்சன் வருகிறது, விற்காதீங்க என்று அவருக்கு உபதேசம் பண்ண எனக்கு என்ன தகுதி?

ஆனால் தாளில் ஏறாத சில செலவுகள் இருக்கின்றன. வைப்புநிதி வட்டி விலைவாசியோடு ஏறாது. 2020-21-ல் பெரிய வங்கிகளே ஐந்தரை சதவீதத்துக்கும் கீழே இறக்கின. ரொக்கம் பங்கு பிரிக்க எளிது, அதனால் சீக்கிரம் பிரிந்தும் போகும். வீட்டுச் சாப்பாடு, மாட்டுத் தீவனம், விறகு, எழுபது வயசில் காலையில் எழுந்தால் போக ஓர் இடம், இவை எந்தக் கணக்கிலும் வராது. தவிர, எல்லாரும் ஒரே சமயம் விற்க வந்தால் 40 லட்சம் 40 லட்சமாக நிற்காது. கேட்கிற விலை வேறு, பத்திரம் பதிந்து கைக்கு வந்த விலை வேறு.

ஆக, விற்கணுமா வேண்டாமா என்ற கேள்விக்கு முன்னால், எதற்காக, எவ்வளவு விற்கணும் என்று கேட்கணும். ஆறு லட்சம் கடனுக்கு மூன்று ஏக்கரையும் விற்பது, கால் முள்ளுக்குக் காலையே எடுப்பது மாதிரி.

பண்ணை மனை என்கிற சரக்கு

வாங்குகிறவர் என்ன செய்வார்? ஏக்கரில் 100 செண்ட். ஒரு செண்ட் 435.6 சதுர அடி. நிலத்தை ஏக்கரில் பேசினால் உழவர், செண்டில் பேசினால் தரகர், சதுர அடியில் பேசினால் கம்பெனி. அளவை மாறும்போதெல்லாம் விலையும் ஒரு படி ஏறும்.

முன்பெல்லாம் நேராக வீட்டுமனை போட்டார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உத்தரவிட்டது. அதன்பின் 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் 2016-ல் வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது 8 வீடுகளுக்கு மேல் உள்ள திட்டங்களை அந்தச் சட்டத்தின்படி பதிவு செய்தாக வேண்டும். முறைப்படி மனை போட்டால் சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் விடணும், சாலையை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கணும்.

இதில் எதுவும் வேண்டாம் என்றால் ஒரு குறுக்கு வழி, "பண்ணை நிலம்". பத்து செண்ட், இருபது செண்ட், கம்பி வேலி, சொட்டுநீர், நாலு செம்மரம், "பராமரிப்பு எங்க பொறுப்பு, நீங்க வாரக் கடைசியில வந்தா போதும்". 'இயற்கை' என்ற சொல்லும் விளம்பரத்தில் இருக்கும். பத்திரத்தில் அது விவசாய நிலம்தான். வீடு கட்ட அனுமதி கேட்கும்போதுதான் வாங்கினவருக்குச் சிக்கல் தெரியும். பாதை யார் பேரில் இருக்கிறது, கிணற்றில் யாருக்குப் பாத்தியம் என்பதும் அப்போதுதான் தெரியும்.

மரம் வளர்த்துப் பணம் தருகிறோம் என்பது புதுசும் இல்லை. 1990களில் தேக்குத் திட்டங்களில் பணம் போட்டு இழந்த ஓய்வூதியர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த மாதிரித் திட்டங்களைக் கட்டுப்படுத்தத்தான் செபி 1999-ல் கூட்டு முதலீட்டுத் திட்ட விதிகளைக் கொண்டுவந்தது. அப்படியும் விவசாய நிலம் வாங்கித் தருவதாகச் சொல்லி பி.ஏ.சி.எல். நிறுவனம் நாடு முழுக்கக் கோடிக்கணக்கானவர்களிடம் திரட்டிய தொகை 49,100 கோடி ரூபாய். அதைத் திருப்பித் தரச் சொல்லி 2014-ல் செபி உத்தரவிட்டது. 2016-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைத்தது. வெளிநாட்டில் இருக்கும் நம்ம பிள்ளைகளுக்கு இன்னொன்று: வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு விலைக்கு வாங்க அன்னியச் செலாவணிச் சட்டம் இடம் தரவில்லை. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

விற்றே ஆகணும் என்றால்

1. தேவைக்கு மட்டும் விற்கவும். கிணறு, கரண்டு சர்வீஸ், களம் இருக்கும் பகுதியைக் கடைசிவரை வைத்துக்கொள்ளவும்.

2. மீதி நிலத்துக்குப் போகும் வண்டிப் பாதை, தண்ணீர் வாய்க்கால், கிணற்றுப் பாத்தியம் ஆகியவற்றைப் பத்திரத்தில் அளவோடும் புலஎண்ணோடும் எழுதவும். "மாமூல் பாதை" என்று மட்டும் எழுதினால் வேலி போட்ட மறுநாள் வழக்குத்தான்.

3. கூட்டுக் கிணறு என்றால் பங்காளியிடம் முதலில் கேட்கவும். அவரே வாங்கலாம், அல்லது வாங்க ஆள் கொண்டுவரலாம்.

4. பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாக வாங்க வேண்டாம். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் வரும். கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியே இல்லை. எதற்கு மறைக்கணும்? ஆனால் தூரத்தைப் பாருங்கள். பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகராட்சி, பேரூராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் 2 கி.மீ.க்குள் இருந்தால் வரி உண்டு. விற்ற பணத்தில் இரண்டு வருசத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் விலக்கும் உண்டு. ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடவும்.

வாங்க நினைக்கும் புது உழவருக்கு

தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம். அதனால்தான் விடுமுறை வீடு தேடுகிறவரும் நீங்களும் ஒரே சந்தையில் நிற்கிறீர்கள். அவரோடு போட்டி போட வேண்டாம். மலைக்காட்சிக்கு நீங்கள் பணம் கொடுத்தால் அது வருமானம் தராது. தார்ச்சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே போங்கள். தண்ணீரும் மண்ணும் வண்டிப் பாதையும் இருந்தால் போதும்.

காகிதங்களை நீங்களே பார்க்கவும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு, புலப்பட நகல், இந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். வில்லங்கத்தையும் பட்டாவையும் இணையத்திலேயே பார்க்கலாம். புலப்படத்தை எடுத்துக்கொண்டு நிலத்தில் நடந்து பாருங்கள். ஓடைப் புறம்போக்கு உள்ளே வந்திருக்கிறதா? அ-பதிவேட்டில் பஞ்சமி நிலம், பூமிதான நிலம், கோயில் நிலம் என்ற குறிப்பு இருந்தால் அங்கேயே நில்லுங்கள். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்டது பஞ்சமி நிலம். பிறர் வாங்குவது செல்லாது, நியாயமும் இல்லை. மலையடிவாரக் கிராமம் என்றால் மலையிடப் பட்டியலில் வருகிறதா என்றும் கேட்கவும். முத்திரைத் தீர்வை, கூடுதல் வரி, பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம். 20 லட்சத்துக்கு வாங்கினால் 1 லட்சத்து 80 ஆயிரம் அதற்கே போய்விடும்.

குத்தகை ஒரு வழி

விலைக்கு வாங்க முடியாதவருக்குக் குத்தகைதான் வழி. சிக்கல் எங்கே என்றால், விலை ஏறிக்கொண்டிருக்கும் இடத்தில் யாரும் நீண்ட குத்தகை தர மாட்டார்கள். நாளைக்கு நல்ல விலை வந்தால் விற்கணுமே! குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது, நிலம் திரும்பி வராதோ என்ற பயமும் உண்டு. அதனால் வாய்ப்பேச்சில் ஒரு வருசம், இல்லை பதினோரு மாசம்.

இயற்கை விவசாயத்துக்கு இது ஒத்துவராது. அங்ககச் சான்றிதழுக்கே பருவப் பயிருக்கு இரண்டு வருசமும், பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருசமும் மாறுதல் காலம் வேண்டும். முதல் வருசம் பலதானிய விதைப்பு, தொழுவுரம், மூடாக்கு என்று போட்டதன் பலன் மூன்றாம் வருசம்தான் தெரியும். ஒரு வருசக் குத்தகைக்காரர் மண்ணில் ஏன் காசைப் போடுவார்? நிலவிலை ஏறுவதால் மண் கெடுவது இந்த வழியாகத்தான். அதனால் குறைந்தது ஐந்து வருசம் என்று பேசி, எழுதி, பதிவு செய்யுங்கள். ஒரு வருசத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிந்தே ஆக வேண்டும் என்பது சட்டமும்கூட.

பிரான்ஸில் விவசாய நிலம் விற்பனைக்கு வந்தால், உழவருக்காக அதை முந்தி வாங்கும் உரிமை சஃபேர் என்ற அமைப்புக்கு உண்டு. 1960-ல் தொடங்கியது. 2003-ல் அங்கே 'தெர் தெ லியான்' என்ற மக்கள் அமைப்பு வந்தது. சாதாரண மக்களிடம் சிறு பங்குகளாகப் பணம் திரட்டி நிலம் வாங்கி, இயற்கை உழவர்களுக்கு நீண்ட குத்தகைக்கு விடுகிறது. வாங்கின நிலத்தை மறுபடி சந்தைக்குக் கொண்டுபோவதில்லை.

நம்மால் உடனே அவ்வளவு முடியாது. ஆனால் நம்ம பக்கம் வேலி போட்டுப் பூட்டிக் கிடக்கும் ஏக்கர்கள் எத்தனை! சொந்தக்காரர் சென்னையில், பெங்களூரில். வருசத்துக்கு இரண்டு தடவை வருவார். நிலம் இல்லாமல் தவிக்கும் நம் இளைஞர்களை அவர்களோடு சேர்த்துவைத்து, இரண்டு பேரும் நம்புகிற மாதிரி ஒரு மாதிரிக் குத்தகைப் பத்திரத்தை நம் இயக்கம் தயார் செய்யலாம். ஒவ்வொரு வட்டாரத்திலும் அப்படிப்பட்ட நிலங்களைப் பட்டியல் எடுத்தாலே பாதி வேலை முடியும்.

பெரியவர் என்ன செய்தார்?

மூன்றாம் நாள் பெரியவரோடு உட்கார்ந்தேன். தாளில் இருந்ததை மறைக்காமல் சொன்னேன், வட்டி 8 லட்சத்து 40 ஆயிரம் என்பதையும். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கிணத்த விட்டுட்டுப் பாத்தா எவ்வளவு தேறும்?" என்று கேட்டார்.

சாலை ஓரத்து ஒரு ஏக்கரை மட்டும் விற்றார். கடன் அடைந்தது, நகை திரும்பியது, மீதி வங்கியில். கிணறும் பாதையும் இரண்டு ஏக்கரும் அவரிடமே இருக்கின்றன. பாதையின் அகலம் பத்திரத்தில் அடியோடு ஏறியிருக்கிறது.

விற்ற ஏக்கரில் இப்போது கம்பி வேலி, பூட்டு, உள்ளே முட்டளவு களை. வாங்கினவர் நல்ல மனுசர், வெளியூரில் வேலை. எங்க ஊர்ப் பையன் ஒருத்தன், படித்துவிட்டு இயற்கை விவசாயம்தான் என்று நிற்கிறான், அவனுக்காக ஐந்து வருசக் குத்தகை கேட்டேன். "ஒரு வருசம்னா சரி சார். அஞ்சு வருசம்னா பயமா இருக்கு" என்கிறார்.

அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அதைப் போக்குகிற பத்திரம் ஒன்றைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பகுதியில் யாராவது இப்படி நீண்ட குத்தகை எழுதி நன்றாக நடந்திருந்தால், அந்த வாசகங்களை இதழுக்கு எழுதி அனுப்புங்கள். மழைக்கு முன்னால் அந்தக் களையை மடக்கி உழணும்.